டெல்சி வீட்டு நெட்டு

ஷெர்லிக்குப் பொறாமை பிறவியிலேயே வந்தது. எங்கள் கடற்கரையில் அதற்குக் குசும்பு என்று பேர். வடக்கே உள்ளவர்கள் அந்தச் சொல்லைக் குறும்புக்கு வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு ஷெர்லியைத் தெரியாது. சின்ன வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்றைக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையின் கவுனில் லேஸ் ஒரு அடுக்கு கூடுதல் என்று கண்டு, நற்கருணையை நாக்கில் வைத்துக்கொண்டே முறைத்தவள். கல்யாணத்தன்று தோழிப்பெண்ணின் தலையில் பூ தன்னைவிட அதிகம் என்று கோயில் வாசலில் வைத்தே பாதியைக் கிள்ளி எடுத்துவிட்டாள். அந்தத் தோழி இன்றுவரை அவளிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஆனால் அவளைச் சும்மா சொல்லக் கூடாது. விடியும் முன்னே குளச்சல் துறையில் ஏலத்தில் நின்று சாளையோ அயிலையோ மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் ஐஸ் போட்டு, வேனில் ஏறித் திங்கள்சந்தைக்குப் போய், மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்த்துவிட்டு வருகிற பொம்பளை. பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறவளுக்கு முதல் வியாபாரம் நடந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள், அது வேறு கதை. உள்ளே ஒன்று வெளியே ஒன்று அவளிடம் கிடையாது. எரிந்தால் எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் புருஷன் விஷயத்தில் மட்டும் குசும்பு வந்ததே இல்லை. ததேயுஸ் வள்ளத்தில் போகிற ஆள். கடலுக்குப் போனால் மீன், கரைக்கு வந்தால் வலை, வீட்டுக்கு வந்தால் தூக்கம். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவான். இவனைப் பார்த்து எவள் மயங்கப் போகிறாள் என்று ஒரு தைரியம். இன்னொரு தைரியம் அந்தத் தெரு. தெரு முழுக்கப் பாறைக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. வீட்டுக்குள் எந்தக் கம்பெனி போனுக்கும் டவர் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் மேட்டில் இருக்கிற சின்னக் கோயிலான அந்தோணியார் குருசடிப் படிக்கட்டுக்கு ஏறிப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்த வேண்டும். எந்த மருமகள் எந்த மாமியாரைத் திட்டினாள், பஹ்ரைனில் இருக்கிறவன் என்றைக்கு வருகிறான், எல்லாம் குருசடிக்குத் தெரியும். குருசடிக்குத் தெரிந்தால் ஷெர்லிக்கும் தெரியும். அந்தத் தெருவில் ஒரு ஆம்பிளை ரகசியம் பேசிவிட முடியுமா, பேசித்தான் பார்க்கட்டுமே!

ஒரே ஒருத்தி அவளை ஏமாற்றியிருந்தாள். பெற்ற மகள் அபினா. மார்த்தாண்டத்தில் படிக்கப் போன இடத்தில் ஜெப்சன் என்ற பையனைப் பிடித்துப்போனது. களியக்காவிளையில் வண்டிகளுக்கு சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறான், நல்ல உழைப்பாளி. ஆனால் சி.எஸ்.ஐ. சபை, இவர்களோ கத்தோலிக்கர்கள். கல்யாணமும் அவர்கள் கோயிலிலேயே நடந்துவிட்டது. ஷெர்லிக்குத் தாங்காமல் போனது எது தெரியுமா? ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பார், அதைத்தான் ஓலை என்பது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் ஓலையைக் கேட்டுக் கேட்டு, நம்ம பிள்ளைக்கு வாசிக்கிற அன்றைக்கு இவளுகளெல்லாம் திரும்பிப் பார்க்கணும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள். அந்த ஓலை வாசிக்கப்படவே இல்லை.

"இனி இந்த வீட்டுல அவ பேர எடுத்தா நான் கடல்ல சாடிருவேன்," என்று சொல்லிவிட்டாள். ததேயுஸ் வாயைத் திறக்கவில்லை. அவன் என்றைக்குத் திறந்தான்?

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு டெல்சிக்கு நெட்டு வந்தது. டெல்சி ஷெர்லியைவிட வயதில் இளையவள். புருஷன் ஆன்ஸ்லின் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை. பிள்ளை இல்லை. பொண்டாட்டியின் குரலைக் கேட்க வழியில்லாமல் அவன் அங்கிருந்தே கேபிள்காரனிடம் சொல்லி வீட்டுக்குக் கம்பி இழுத்து, மினுக்கு மினுக்கு என்று பச்சை விளக்கு எரிகிற ஒரு பெட்டியை வைக்கச் செய்தான். கேபிள்காரன் அவள் போனை வாங்கி உள்ளே எதையோ தட்டிவிட்டான். அவ்வளவுதான். டவர் கோடு ஒன்றுகூட இல்லாத அடுக்களையில், சாதாரண நம்பருக்கு, கணீர் என்று மணி அடித்தது! வைஃபை காலிங் என்று பேராம். டவருக்குப் பதிலாக வீட்டு நெட்டு வழியாக ஏறிப் போய்விடுமாம் பேச்சு. குழம்பைக் கிண்டிக்கொண்டே டெல்சி புருஷனோடு பேசினாள். தெருப் பொம்பளைகள் போனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார்கள்.

ஷெர்லிக்கு வயிறு எரிந்தது. அவளிடம் இருந்தது பட்டன் போன், அதில் இந்த வித்தையெல்லாம் நடக்காது. "அக்கா, கம்பி உங்க வாசல் வழியாத்தான் போகுது, உங்களுக்கும் இழுத்துத் தரட்டா?" என்று கேபிள்காரன் கேட்டதற்கு, "எனக்கொண்ணும் வேண்டா. அந்தப் பெட்டி இருக்க வீட்டுல கோழி முட்ட போடாதாம்," என்றாள். டெல்சி வாங்கிய பிறகு இவள் வாங்கினால் இரண்டாவது ஆகிவிடுவாளே! கோழி விஷயத்தைத் தெரு முழுக்கவும் சொல்லி வைத்தாள். டெல்சியின் கோழி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை, அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டிருந்தது.

தெருவில் உள்ள குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் ஜெபக்கூட்டம் வாராவாரம் ஒரு வீட்டில் கூடும். அந்த வாரம் டெல்சி வீடு. பைபிள் வாசகம் வாசிக்கிற முறை ஷெர்லிக்கு. புத்தகத்தில் எழுத்து பொடி, அதைப் போட்டோ பிடித்துப் பெரிசாக்கி வாசிக்கலாம் என்று ததேயுஸின் போனை எடுத்துக்கொண்டு போனாள். உப்புத்தண்ணீர் பட்டு ஒரு போன் போன பிறகு, அவன் கடலுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். டெல்சி வீட்டு நடையில் கால் வைத்ததுதான் தாமதம், கையில் இருந்த போன் டிங், டிங், டிங் என்று துடித்தது. ஷெர்லி அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஜெபமாலை பாதி ஆகும்போது மடியில் இருந்த போன் மணியே அடித்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் 'வலைக்கடை' என்று இருந்தது. எதை அமுக்க என்று தெரியாமல் எதையோ அமுக்கினாள், நின்றுவிட்டது.

ஜெபம் முடிந்து கடலைக் கறி தின்று கட்டன்சாயா குடிக்கும்போது பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் ஜெஸ்பினிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏட்டி, டவர் இல்லாத்த இடத்துல இது எப்பிடி அடிச்சுது?"

"டெல்சி அக்கா வீட்டு வைஃபை பிடிச்சிருக்குலா, அதுல வந்த காலாக்கும்."

"நான் ஒண்ணும் பிடிக்கலியே."

"நீங்க பிடிக்காண்டாம். ஒருக்க பாஸ்வேர்டு போட்டு வச்சா பின்ன அது மறக்காது. வாசல்ல ஏறும்போ தன்னால பிடிச்சுக்கிடும்."

"அப்போ முன்னயே ஆராவது போட்டிருக்கணும்."

"பின்னே! போடாம எப்பிடி?"

ஜெஸ்பின் கடலையைக் கொறித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஷெர்லி கட்டன்சாயாவைக் கீழே வைத்தாள். தன் புருஷனின் போனுக்கு இந்த வீடு தெரிந்திருக்கிறது. தெரிந்தது மட்டுமா, படி ஏறும்போதே உறவு கொண்டாடுகிறது. அப்படியென்றால் போனின் சொந்தக்காரன் எத்தனை தடவை ஏறியிருப்பான்? டெல்சி சிரித்துக்கொண்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் கடல போடட்டா?" என்றாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துப் பிய்த்து எறியலாம் போல இருந்தது.

புருஷனிடம் அவள் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எரிச்சலை வாய்க்குள் வைத்துக்கொண்டாள். கேட்டால் அவன் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவான், பிறகு உஷாராகிவிடுவான். பார்த்துக்கொண்டே இருப்பது என்று முடிவு கட்டினாள். பார்த்தால், கடவுளே, எல்லாம் தெரிகிறது! கரைக்கு வந்து வலையைப் போட்டதும் அவன் வீட்டுக்கு நேராக வராமல் டெல்சி வீட்டுப் பின்பக்கமாகச் சுற்றி வருகிறான். முகத்தைக் கழுவித் தலையைக் கோதிக்கொள்கிறான். இந்த மனுஷன் கல்யாணத்தன்றுகூடத் தலை சீவியதில்லை!

சனிக்கிழமை டெல்சி வீட்டிலிருந்து சிறுபயறு வறுக்கிற மணம் வந்தது. அப்புறம் சர்க்கரைப் பாகு, அப்புறம் எண்ணெய். முந்திரிக்கொத்து சுடுகிறாள். ஒற்றைக்கட்டையாக இருக்கிறவளுக்கு எதற்கு அவ்வளவு பலகாரம்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ததேயுஸ் வெள்ளை வேட்டி கட்டி, "களியக்காவிளைப் பக்கம் கயிறு பாக்கப் போறேன்," என்று கிளம்பினான். கையில் ஒரு துணிப்பை, அடியில் எண்ணெய்க்கறை. கொஞ்ச நேரம் கழித்து ஷெர்லி போய்ப் பார்த்தால் டெல்சி வீட்டில் பூட்டுத் தொங்கியது. இரண்டு பேரும் திரும்பி வந்தது சாயங்காலம். தனித்தனி பஸ்ஸில் வந்தார்கள் என்பதில் வேறு ஷெர்லிக்கு உடம்பெல்லாம் மிளகாய் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் சந்தையில் பாதி மீனை அப்படியே பக்கத்துக்காரியிடம் தள்ளிவிட்டு முன்னமே வந்தாள். அதுவே அவள் வாழ்க்கையில் நடக்காத காரியம். சருவத்தை வாசலில் போட்டுவிட்டு நேரே டெல்சி வீட்டுப் பின்வாசலுக்குப் போனாள். உள்ளே ததேயுஸ் சிரிக்கிற சத்தம். தன் வீட்டில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. கதவைத் தள்ளினாள்.

"நல்லா இருக்கே! எனக்க வீட்டுல பேசுகதுக்கு நாக்கு பொங்காது. இங்கண வந்து இளிக்கியளோ!"

அடுக்களை முக்காலியில் ததேயுஸ், காதில் போன். டெல்சி அந்தப் பக்கம் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தாள். ததேயுஸின் முகம் வெளுத்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்தான், அணைக்கவில்லை.

"அபினாவாக்கும்," என்றான்.

"எந்த அபினா?" என்றாள் ஷெர்லி.

"மாசமா இருக்கா, இது ஏழாம் மாசம். குருசடியில நின்னு பேச முடியாதுல்லா. உனக்க அண்ணன்மாரு எல்லாம் அங்கணதான் நிப்பானுவ. இவதான் நெட்டு போட்டுத் தந்தா." ததேயுஸ் ஒரே மூச்சில் இத்தனை பேசி அவள் பார்த்ததில்லை. "நேத்து வயிறு காணவும் போனோம். டெல்சி பலகாரம் செஞ்சா. நீ வரமாட்டேன்னு..."

போனை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. திரும்பி நடந்து வீட்டுக்கு வந்து சருவத்தைக் கழுவ உட்கார்ந்தாள். கழுவிய சருவத்தையே மறுபடியும் மறுபடியும் கழுவினாள்.

புருஷன் மேலிருந்த சந்தேகம் போய்விட்டதே, நெஞ்சு ஆற வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், புருஷனே போயிருந்தால்கூட அவளுக்கு இத்தனை எரிந்திருக்காது. மகளுக்குத் தலைப்பிள்ளை உண்டானால் பலகாரம் கட்டிக்கொண்டு வயிறு காணப் போக வேண்டியவள் பெற்றவள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார வைப்பது அவளைத்தான். மகளின் வயிற்றைத் தடவி, ஆணா பெண்ணா என்று குத்துமதிப்பாகச் சொல்வது அவள்தான். அந்த நாற்காலியில் டெல்சி உட்கார்ந்திருக்கிறாள்! அபினாவின் வயிற்றில் டெல்சி கை வைத்திருக்கிறாள்! அவளுடைய முந்திரிக்கொத்துக்குப் பாகு ஒருநாளும் பதமாக வராது, கல்லு மாதிரி இருக்கும். அதைப் போய் என் பிள்ளை தின்றிருக்கிறாளே என்று ஷெர்லி விம்மி விம்மி அழுதாள்.

மகள் பேரையே எடுக்கக் கூடாது என்று சொன்னவள் தான்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததனால்தான் கூடுதலாக எரிந்தது.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று டெல்சியைப் பிடித்தாள். "ஏட்டி டெல்சி, நான் செத்துப் போனேன்னு நெனச்சியா? எனக்க மவளுக்கு அம்ம இல்லேன்னு நெனச்சியா?"

டெல்சி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மெல்லிசாகப் பேசுகிறவள், அன்றைக்குக் குரல் உயர்ந்தது. "நீங்க வேண்டாம்னு விட்ட இடத்துலதான் அக்கா நான் நின்னேன். தட்டிப் பறிக்கல்ல."

"நிக்கச் சொன்னது ஆரு?"

"அந்தப் பிள்ள அழுதா. அழும்போ போன வைக்கச் சொல்லுகியளா?" டெல்சி கையில் இருந்த துணியை மறுபடியும் பிழிந்தாள். "எனக்கு வயிறு காணப் போக ஆரு இருக்கா, சொல்லுங்க. உங்களப் பாத்து நான் எரியாத்த நாளில்ல. கோவிச்சுக்கிட்டு பேசாம இருக்கதுக்காவது உங்களுக்கு ஒரு மவ உண்டு."

தன்னைப் பார்த்து ஒருத்தி குசும்பு படுவாள் என்று அவள் கனவிலும் நினைத்தவளில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல? முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் ததேயுஸ் கடலுக்குப் போன ஒரு நாள், வழக்கம்போல அவன் போன் அலமாரியில் கிடந்தது. ஷெர்லி அதை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு டெல்சி வீட்டு மதிலோரம் போய், கறிவேப்பிலை பறிக்கிறவள் போல நின்றாள். உள்ளே போக மாட்டாள், அது வேறு! மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றால் அது அவளுடைய மண். போன் டிங் என்றது. பிடித்துவிட்டது. கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிக்கொண்டு வரும்போது மணி அடித்தது. வலைக்கடை.

அந்தப் பேருக்குள் இருப்பது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை சரியாக அமுக்கினாள். காதில் வைத்தாள். பேச வாய் வரவில்லை.

"அப்பா?" என்றது குரல். அப்புறம் விட்டு விட்டு வந்தது. "கேக்கல்லியே... சித்தியா? டெல்சி சித்தி... நான் உங்கட்ட..."

அறுந்து அறுந்து வந்தது. ஷெர்லி மதிலில் வயிற்றை அழுத்திப் போனை அந்தப் பக்கம் நீட்டிச் சாய்ந்தாள். "...ஆஸ்பத்திரியில..." என்று கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியா! ஷெர்லி மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். டெல்சி வீட்டுக் கேட்டைத் தள்ளினாள். முற்றத்தில் குரல் கொஞ்சம் தெளிந்தது. நடையில் ஏறியதும் இன்னும் தெளிந்தது. அடுக்களைக்குள் நுழைந்து, மீன் அறுத்துக்கொண்டிருந்த டெல்சியைத் தாண்டி, மினுக்கு மினுக்கு என்று எரிகிற அந்தப் பெட்டிக்குக் கீழேயே போய் நின்றுவிட்டாள். இப்போது மகள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"...பேறுகாலத்துக்குக் கூட நிக்க ஒரு பொம்பள ஆளு வேணுமாம் சித்தி. டாக்டரம்மா இன்னைக்குச் சொன்னாங்க. அத்தைக்கு முட்டுவலி, நடக்க முடியாது. எனக்குப் பேடியா இருக்கு, பயத்துல உறக்கமே வரல்ல. நீங்க வருவியளா?"

டெல்சி கையில் அறுத்த மீனோடு நிமிர்ந்து பார்த்தாள். ஷெர்லியும் அவளைப் பார்த்தாள்.

"அவ வராண்டாம்," என்றாள் ஷெர்லி போனில். "நான் வாறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நெட்டு போய்விட்டதோ என்று ஷெர்லி பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஆரு... அம்மாவா?"

"பின்ன ஆரு?"

அபினா அழுதாள். ஷெர்லியும் அழுதாள், ஆனால் சத்தம் வெளியே வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். டெல்சியின் முன்னால் அழுவதா? டெல்சி குனிந்து, சுத்தம் பண்ணி முடித்த மீனையே மறுபடியும் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அவளுக்கும் மூக்கு நுனியில் நின்றது.

"அம்மா," என்றாள் அபினா, அழுகையை அடக்கிக்கொண்டு. "டெல்சி சித்தி பாவம்மா. அவங்களும் வரட்டும்மா."

ஷெர்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு டெல்சியை ஒரு பார்வை பார்த்தாள்.

"வரட்டு," என்றாள். "வெளிய வராந்தாவுல நிக்கட்டு. பிள்ளைய மொதல்ல கையில வாங்குகது நானாக்கும்."